எடைக்கல் வைத்த பானை

அன்னைக்குக் காலையில் எங்கள் வீட்டுச் சோத்துப் பானை கவிழ்ந்து கிடந்தது.

பல் விளக்கிவிட்டு, வழக்கம்போல ஒரு வெங்காயத்தை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போகிறேன். மூலையில் பானையைக் காணோம். கொல்லையில் துவைகல் மேலே, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பானையை மூடுகிற நீலக்கரை போட்ட பீங்கான் தட்டு பக்கத்தில் சாய்ந்திருந்தது. தட்டுக்கு மேலே பாரமாக வைக்கிற இரும்பு எடைக்கல் கண்ணிலேயே தட்டுப்படவில்லை.

"பழையது இல்லையாம்மா?"

"இல்ல. செத்த நேரம் இரு, கஞ்சி காய்ச்சித் தாரேன்."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பை ஊதினாள். நன்றாக எரிந்துகொண்டிருக்கிற அடுப்பை எதுக்கு ஊதணும்?

எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த வெங்காயத்தைத் தின்னவும் மனசில்லை, கீழே போடவும் மனசில்லை.

நான் நாடகத்துக்கு எழுதின பாட்டுகளில் அதிகம் பேரைச் சிரிக்கவைத்தது 'ஒரு கை சோறு'தான். அது எப்படிப் பிறந்தது என்று இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் கேட்டு எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். இத்தனை வருசமாக நான் எல்லாரிடமும் சொல்லிவந்த பதில், வண்டிக்காரன் ஒருத்தன் பொண்டாட்டியிடம் ஏச்சு வாங்கினதைப் பார்த்து எழுதினேன் என்பது. பச்சைப் பொய். அப்படி ஒரு வண்டிக்காரனும் கிடையாது, பொண்டாட்டியும் கிடையாது.

அய்யாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தாச்சு. இனி மறைச்சு யாருக்கு என்ன ஆகணும்? அந்தப் பாட்டு எங்கள் வீட்டுப் பானையைப் பற்றியது.

ஒரு பருக்கை கிடையாது

எங்க அய்யாவுக்கு ராஜபாளையத்துப் பஞ்சுப் பேட்டையில் எடை போடுகிற வேலை. தராசு முள் நடுவில் நிற்கிறவரைக்கும் மூச்சுவிட மாட்டார். வீட்டிலும் அப்படித்தான். பேச்சு குறைச்சல். பேசினால் பேசினதுதான், பிரம்மா வந்து கேட்டாலும் மாற்ற மாட்டார்.

எனக்கு ஒரே அக்கா, பொன்னுத்தாய். என்னைவிட மூணு வயசு மூப்பு. வத்திராயிருப்புப் பக்கம் ஆசுபத்திரியில் கம்பவுண்டராக இருந்த தேவசகாயம் என்கிறவரைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். நல்ல மனுசன், இன்றுவரைக்கும் என்னை அதிர்ந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அய்யாவிடம் அதை யார் சொல்வது?

ஒரு மத்தியானம் அக்கா போய்விட்டாள். சாயங்காலம் பேட்டையிலிருந்து வந்த அய்யா காலைக் கழுவினார். துண்டால் துடைத்தார். பிறகு சொன்னார்.

"இன்னையில இருந்து இந்த வீட்டுல அவளுக்கு ஒரு பருக்கை கிடையாது."

அம்புட்டுதான். அதற்குப் பிறகு நாலு வருசம் அவர் வாயில் அக்கா பேர் வரவில்லை.

அம்மா எதிர்த்து ஒண்ணும் பேசவில்லை. அழுததைக்கூட நான் பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பானையில் ஒரு கை சோற்றை விட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

இதில் என்ன அதிசயம் என்பீர்கள். பானையைச் சுத்தமாக வழித்து எடுத்தால் வீடு விளங்காது என்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கொஞ்சம் மிச்சம் வைக்கிறதுதான். ஆனால் மற்ற வீட்டில் நாலு பருக்கை கிடக்கும். எங்கள் வீட்டில் அளந்து வைத்தமாதிரி ஒரு கை. நீலக்கரைத் தட்டால் மூடி, அதன்மேல் ரெண்டு ராத்தல் இரும்புக் கல்லை வைப்பாள். முத்திரை தேய்ந்து தராசுக்கு ஆகாது என்று தள்ளின கல் அது. அய்யாதான் எப்பவோ பேட்டையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்தார்.

"எதுக்கும்மா இம்புட்டுப் பெரிய கல்லு?"

"பூனை வருதுலே."

பூனை என்னவோ வரத்தான் செய்தது. ஆனால் வாசல் கதவை அய்யா பூட்டிவிட்டுப் படுத்த பிறகு, அம்மா போய்க் கொல்லைக் கதவின் தாழை நீக்கிவிட்டு வருவாளே, அது எந்தப் பூனைக்கு?

அவளுக்கு இருந்தது ஒரே நினைப்பு. என்றைக்காவது அக்கா அந்தக் கதவு வழியாக வருவாள், வரும்போது பசியோடு வருவாள், வந்தவளுக்கு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. காலையில் அந்தச் சோற்றில் உப்பைப் போட்டுக் கரைத்துக் குடித்தது நான்தான். நாலு வருசம் அக்கா பங்கைத் தின்று வளர்ந்த உடம்பு இது.

பபூன் கேட்ட பாட்டு

நான் அப்போது ஒரு நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு, இடைக்கிடை பாட்டும் எழுதிக் கொடுத்துவந்தேன். யுத்தத்துக்கு மூணு நாலு வருசம் முந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகை எல்லாம் பகலில், ஒரு காலிப் பஞ்சுக் கிட்டங்கியில். வாயைத் திறந்து பாடினால் பஞ்சுத்தூசி தொண்டையில் போய் உட்காரும்.

புது நாடகம் ஒன்றில், மகனைத் தொலைத்த ஒரு தாய் பாடுகிற கட்டம் இருந்தது. நாடக வாத்தியார் பாட்டு கேட்டார். எனக்கு வேறு எந்தத் தாயைத் தெரியும்? ஒரே மூச்சில் எழுதினேன்.

*ஒரு கை சோறு இருக்குது – பானையில*
*ஒரு கை சோறு இருக்குது*
*பூனைக்குப் பயந்து மூடி மேல*
*இரும்பு எடைக்கல்லு இருக்குது*

*வாசக் கதவு பூட்டியிருக்கு – கொல்ல*
*வாசத் தாழு போடலியே*
*போன காலு நோகுமுன்னே*
*திரும்பி வந்தா ஆகாதா*

மெதுவாக, இழுத்துப் பாடுகிற மெட்டு. ஒத்திகையில் தாய் வேசக்காரர் பாடி முடித்தபோது வாத்தியாரே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்து போச்சு.

நாடகம் மேடையேற ஒரு வாரம் இருக்கும்போது அந்தத் தாய் வேசக்காரர் குளிர்காய்ச்சலில் படுத்தார். வாத்தியார் கட்டத்தையே வெட்டிவிட்டார். நாடகக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. கதையில் இடமில்லாமல் போன பாட்டு எதுவானாலும் அதைக் கேட்கிற உரிமை பபூனுக்கு. எங்கள் பபூன் சங்கிலி, வெற்றிலையை மென்றுகொண்டே வந்தான்.

"ஏலே ஆர்மோனியம், அந்தச் சோத்துப் பாட்டு சும்மாத்தானே கெடக்கு? எனக்குத் தா."

"அது அழுகைப் பாட்டுண்ணே."

"அழுகைய வேகமா பாடுனா சிரிப்புலே. தாளத்த முடுக்கு, நான் பாத்துக்கிடுதேன்."

முடுக்கினேன். அந்த விரல்களை வெட்டினால் என்ன என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்ததுண்டு. ஆனால் அப்போது முடுக்கினேன்.

சங்கிலி அதை வீட்டைவிட்டு ஓடிப்போன புருசன் திரும்பிவருகிற காமிக்காக ஆக்கினான். டான்ஸ்காரி பாடுவாள். எடைக்கல் வரி வந்ததும் இவன் இல்லாத கல்லைத் தூக்கப் பார்ப்பான். தூக்க முடியாது. இடுப்பு பிடித்துக்கொள்ளும். "அடியே, சோத்துக்குக் காவலா, சொத்துக்குக் காவலா? கல்ல எடுத்துட்டுப் பேசுடி" என்பான். கொட்டகை இடிந்துவிழுகிற மாதிரி சிரிப்பு.

முதல் தடவை அந்தச் சிரிப்பைக் கேட்டபோது ஆர்மோனியத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. ரெண்டாம் தடவை ஓரக்கண்ணால் பார்த்தேன். மூணாம் தடவை, வரி வருவதற்கு முன்னாலேயே நான் ஜனங்களைப் பார்த்தேன், சிரிக்கப் போகிறார்களா என்று. கைதட்டல் கெட்ட பழக்கம். கள்ளைவிட மோசம்.

ஆளுக்கொரு அர்த்தம்

பாட்டு கால் முளைத்து நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் வண்டிக்காரர்கள் பாடினார்கள். பஞ்சு பொறுக்குகிற பெண்கள் பாடினார்கள். பிளேட் போடுகிற கம்பெனிக்காரர்கள் சங்கிலியையும் டான்ஸ்காரியையும் கூட்டிப்போய்ப் பாடவைத்து, அது கிராமபோனிலும் வந்துவிட்டது.

அப்புறம் அர்த்தம் சொல்கிறவர்கள் கிளம்பினார்கள். கதர்க்காரர் ஒருவர் என் தோளைத் தட்டி, "தைரியமா எழுதிட்டீரு! சோறு நம்ம நாட்டுச் செல்வம், பூனை வெள்ளைக்காரன், எடைக்கல்லு ராட்டைதானே?" என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். இரும்பில் யார் ராட்டை செய்தார்கள் என்று கேட்டிருக்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் ஒரு பாகவதர் என்னை நிறுத்தி வைத்துக்கொண்டு, பானை என்பது சரீரம், ஒரு கை சோறு ஆத்மா என்று அரைமணி நேரம் விளக்கினார். கொல்லைக் கதவு எது என்று நான் கேட்கவில்லை, மரியாதை கருதி.

ஜவுளிக்கடை ராவுத்தர் ஒருவர்தான் உண்மைக்குக் கிட்டத்தில் வந்தார். துணியை முழம் போட்டுக்கொண்டே, "வராத ஆளுக்கு ஒரு கை எடுத்து வைக்கிறது பெரிய காரியம் தம்பி. இத ஏன் சிரிப்பாணிப் பாட்டா ஆக்குனீரு?" என்றார்.  துணியை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன்.

வீட்டில்? அம்மா நாடகம் பார்க்கிறவள் இல்லை. ஆனால் தெருவே பாடுகிறதே, காதில் விழாமலா இருக்கும்? விழுந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போலச் சோறு வைத்தாள், கல்லை வைத்தாள், தாழை நீக்கினாள். சரி, அவளுக்கு விளங்கவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன். பெத்தவளுக்கு விளங்காதாம், ஆர்மோனியக்காரனுக்கு விளங்குமாம்!

உலைமூடி

ஒரு நாள் எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜு வீட்டம்மா உறைமோர் வாங்க வந்தவர், அடுப்படிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். மூலையில் பானை, நீலக்கரைத் தட்டு, மேலே எடைக்கல்.

"ஏமம்மா! பாட்டுல வர்ற பானை இதுதானா?"

அவர் மனசில் வஞ்சகம் இல்லை. சந்தோசமாகத்தான் சிரித்தார். போய் நாலு பேரிடம் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஆறேழு பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி சங்கிலி மாதிரியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு கல்லைத் தூக்குகிற மாதிரி ஆடிக் காட்டினாளாம். அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாளாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவர்கள் போன பிறகு, அன்றைக்கு மிஞ்சின சோற்றை மாட்டுத்தொட்டியில் கொட்டினாள். பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கல்லை எடுத்துக் கொல்லையில் விறகுக் குவியல் பக்கம் போட்டாள்.

மறுநாள் காலையில்தான் நான் வெங்காயத்தோடு போய் நின்றது.

கஞ்சியை என் முன்னால் வைக்கும்போது கேட்டேன். "ஏம்மா நிறுத்திட்ட?"

"ஊரே சிரிச்ச சோறு எம்மவளுக்கு எதுக்குலே?"

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

நேரே சங்கிலி வீட்டுக்குப் போனேன். இனிமேல் அதைப் பாடாதே என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நான் விட்டா போதுமாலே? தேரடி காபி கிளப்புல பிளேட்டு ஓடுதே, அத யாரு நிறுத்த?" என்றான். திரும்பிவந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்

நாலு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா வெள்ளி தவறாமல் விரதம், மத்தியானம் சாப்பிட மாட்டாள். எனக்கும் அய்யாவுக்கும் மட்டும் உலை வைத்திருந்தாள். நான் முதலில் சாப்பிட்டுவிட்டேன். பஞ்சு வரத்து அதிகமான நாள், அய்யா தாமதமாகத்தான் வந்தார். இருந்த சோற்றை எல்லாம் அவர் வட்டிலில் வைத்துவிட்டு, பானையைக் கழுவி மூலையில் கவிழ்த்தாள் அம்மா.

அய்யா ரெண்டு கை சாப்பிட்டிருப்பார். கொல்லைக் கதவு கிறீச்சிட்டது.

அக்கா நின்றாள். ரோட்டுப் புழுதி முழங்கால் வரைக்கும். மெலிந்திருந்தாள். அய்யாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், நேரே அடுப்படி மூலைக்குப் போனாள். கவிழ்ந்திருந்த பானையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வில்லிபுத்தூர்ல மருந்துச் சாமான் வாங்க உம் மச்சானோட வந்தேன்," என்றாள் என்னிடம். "காபி கிளப்புல பிளேட்டு பாடிச்சு. எல்லாரும் சிரிச்சாக. நம்ம வீட்டுக் கல்லும் கொல்லைத் தாழும் எனக்குத் தெரியாதா? நான் நடுரோட்டுல நின்னு அழுதேன். 'நீ போ, நாளைக்கு வந்து கூட்டிக்கிடுதேன்'னு அவிய பஸ் ஏத்திவிட்டாக."

அப்புறம் பானையைக் காட்டிக் கேட்டாள்.

"பாட்டு பொய்யாடா தம்பி?"

 நாலு வருசம் பொய்யில்லாமல் இருந்ததை நாலு நாளைக்கு முன்னால் நான்தான் பொய்யாக்கினேன் என்று எந்த வாயால் சொல்வேன்?   நாலு வருசம் காத்திருந்த அம்மாவுக்கு, வந்து நிற்கிற பிள்ளைக்குப் போட ஒரு பருக்கை இல்லை.

அய்யா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

எங்க அய்யா வட்டிலில் ஒரு பருக்கை மிச்சம் வைத்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குக் கை வைக்காத பக்கத்துச் சோற்றைப் புறங்கையால் ஒதுக்கினார். குழம்பு படாத வெள்ளைச் சோறு. ஒரு கை இருக்கும், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தராசு பிடித்த கையல்லவா. எழுந்து கொல்லைக்குப் போனார். கை கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு விறகு சரிகிற சத்தம்.

திரும்பி வந்தவர் கையில் அந்த எடைக்கல் இருந்தது.

அக்கா பக்கம் திரும்பவில்லை. கல்லை வட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"எனக்குப் போதும். அத மூடி வை. பூனை வரும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேட்டைக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நாலு வருச அழுகை. மனுசனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கல்லும் தெரியும், தாழும் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு ராத்திரியும் வாசல் கதவை மட்டும் பூட்டிவிட்டுப் படுத்திருக்கிறார்.

அக்கா அந்த வட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, வெறுஞ்சோற்றை அப்படியே தின்றாள். குழம்பு ஊத்தட்டுமா என்று அம்மா கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆர்மோனியத்தை எடுத்து, அந்தப் பாட்டை நான் எழுதினபடியே மெதுவாக ஒரு தடவை பாடிக் காட்டினேன். எடைக்கல் வரியில் அக்கா சிரித்துவிட்டாள். "ஏட்டி, எதுக்குச் சிரிக்க?" என்று அம்மா அதட்டினாள். "ஒன் பூனைக் கதை அய்யாவ மட்டும் ஏமாத்தலியே," என்றாள் அக்கா. அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் சிரித்தாலும் அந்தப் பாட்டு எனக்கு வலிக்கவில்லை.

மறுநாள் காலையில் பல் விளக்கிவிட்டு, வெங்காயத்தை உரித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பானை நிமிர்ந்திருந்தது. கல் இறங்கிக் கீழே இருந்தது. அக்கா எனக்கு முன்னாலேயே எழுந்து, பானையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். நாலு வருசத்தில் முதல் தடவையாக, பானையில் வைத்த அந்த ஒரு கை அதற்குரிய வாய்க்குப் போயிற்று.

"அம்மா, எனக்கு?"

"செத்த நேரம் இருலே," என்றாள் அம்மா. "உனக்குக் கஞ்சி காய்ச்சித் தாரேன்."